குழந்தையோடு தராசில் ஏறிய கல்

குழந்தையின் துணிக்குள்ளிருந்து முதலில் விழுந்தது ஒரு பாக்குவெட்டி.

கேட்டில் சோதனை போட நின்ற மலாய்க்கார அம்மா குனிந்து அதை எடுத்தார். திறந்து மூடிப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். ஆறு மாதக் குழந்தை, வாயில் ஒரு பல்கூட இல்லை. இது யாருக்கு வெற்றிலை போட என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

“இனி ஆப்பா?” என்று கேட்டார். இது என்ன என்கிறார்.

பாக்குவெட்டியின் சொந்தக்காரி கண்ணம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் அவள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த குழந்தையின் துணியை உதறினார்கள். ஒரு பூட்டு விழுந்தது, சாவியோடு. அதற்கடுத்த குழந்தையிடமிருந்து ஒரு படிக்கல்லே விழுந்தது. எடை கூட்ட எடைக்கல்லையே கொண்டுவந்த அந்தத் தாயின் நேர்மையை என்னவென்று சொல்ல.

துப்பாக்கியோடு நின்ற மாத்தா-மாத்தா போலீஸ்காரர் இருவரும் முதலில் உஷாரானார்கள். பிறகு குழம்பினார்கள். கடைசியில் சிரிப்பை அடக்க வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று தேடப்போனவர்களுக்கு ஒரு இரும்புக்கடை கிடைத்தது.

நான் சிரிக்கவில்லை. அத்தனை இரும்பும் ஆறு வாரமாக என் தாளில் பிள்ளைகளின் எடையாக ஏறிக்கொண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் செங்கமலம் நின்றாள். ஐந்து மாத மகள் வள்ளியை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் துணியிலிருந்து விழுந்தது உளி தீட்டும் கல். கல் போன பிறகு அவள் கையில் மிஞ்சியிருந்தது கொஞ்சம் பிள்ளைதான்.

ஏழாம் வகுப்புப் பண்டிதை

வேலிக்குள் குடியேறிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் செங் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி போனில் கூப்பிட்டார். “ஏன் ஆன்ட்டி, கேட்டு, காவல், சோதனை எல்லாம் சொன்னீங்களே, பிள்ளைங்கள யாரு பார்த்தாங்க?” என்று கேட்டார். நான்தான் பார்த்தேன் அம்மா. பார்த்த லட்சணத்தைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கை ஊடாங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சிதறிக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒரு பிடி அரிசியோ, ஒரு துண்டு ரொட்டியோ, ஒரு சொட்டுப் பாலோ கேட்டைத் தாண்ட முடியாது.

என் வீட்டுக்காரர் தோட்டத்து டிரசர். சின்ன ஆசுபத்திரிக்கு அவர்தான் எல்லாம். நல்ல மனிதர். எந்த நோய்க்கும் அவரிடம் மருந்து உண்டு, எல்லாம் ஒரே சிவப்புத் தண்ணீர். காய்ச்சலுக்கு ஒரு அவுன்ஸ், வயிற்று வலிக்கு இரண்டு அவுன்ஸ். பெண்டாட்டியின் கோபத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் மலாக்கா பட்டணத்துப் பெண். ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது பெட்டியில் ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் இருந்தது. கையில் குழந்தை இல்லை. ஆனாலும் குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்தேன். பிள்ளை பெறாதவரைக்கும் எல்லோரும் அப்படித்தான்.

வீடு வீடாகப் போய்ச் சட்டம் பேசினேன். தண்ணீரைக் கொதிக்க வை. சோற்றை மூடி வை. ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வை. மண்ணெண்ணெயைச் சர்பத் போத்தலில் ஊற்றாதே. இந்தக் கடைசி விஷயத்தில் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, இன்றைக்கும் சரி. ஆனால் நான் சொன்ன விதத்தைக் கேட்டால், அந்தப் போத்தலை எடுத்து என் தலையில் போடத்தான் தோன்றும்.

கண்ணம்மா ஒருநாள் நேராகவே கேட்டாள். “டிரசரம்மா, நீங்க எத்தன பெத்தீங்க?”

“பெத்தாத்தான் தெரியணுமா? டாக்டருங்க எல்லாம் பெத்துட்டா படிக்கிறாங்க?” என்றேன். இந்தப் பதிலுக்காக நான் ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிறுவை

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எடையைப் பற்றியே இருந்தது. வாரம் ஒருமுறை குழந்தையை நிறுக்க வேண்டும், எடை ஏறிக்கொண்டே வந்தால் குழந்தை நலம். எனக்கு வேறு என்ன வேண்டும்?

தராசுக்கு எங்கே போவது? ரப்பர் பாலை நிறுக்கிற கொட்டகையில் இருந்தது. அது கேட்டுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில். துரையிடம் அனுமதி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய்மார்கள் பிள்ளைகளோடு கேட்டைத் தாண்டி வருவார்கள். வாளி தொங்கும் கொக்கியில் ஒரு சேலைத் துணியைத் தூளியாகக் கட்டி, அதில் பிள்ளையைப் போடுவேன்.

முதல் வாரமே சிக்கல். பிள்ளையைத் தராசில் வைத்தால் கண்ணேறு படும், ஆயுசு குறையும் என்று பெண்கள் பின்வாங்கினார்கள். நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளையைத் துணியால் நன்றாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள், கன்னத்தில் மை வையுங்கள், யார் கண்ணிலும் படாமல் அப்படியே நிறுத்துவிடுகிறேன் என்றேன். துணியின் எடையைக் கழிக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நான் தாண்டிப் போய்விட்டேன்.

நிறுத்ததும் எடையைச் சத்தமாக வாசிப்பேன். பால் நிறுக்கும்போது கணக்கு எழுதுகிற கிராணி அப்படித்தான் வாசிப்பார். கண்ணம்மா மகன் பதினேழு ராத்தல் என்றதும் எல்லோரும் “அடேங்கப்பா” என்றார்கள். செங்கமலம் மகள் ஒன்பது ராத்தல் என்றேன். சிரித்தார்கள்.

“என்ன செங்கமலம், பிள்ளையப் பெத்தியா, பெருச்சாளி பெத்தியா?” என்றாள் கண்ணம்மா. கேலிதான், மனதில் விஷம் கிடையாது. ஆனால் செங்கமலம் தலை நிமிரவில்லை.

நான் அத்தோடு விட்டேனா? எடை ஏறாத பிள்ளைகளைத் தாயோடு பட்டணத்து ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினேன். அதிக எடை ஏறுகிற பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி பரிசு என்றும் அறிவித்தேன். எல்லோர் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஆசுபத்திரிச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பெருத்தார்கள் பாருங்கள், அப்படிப் பெருத்தார்கள். எல்லாம் என் போதனையின் பலன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த வேகத்துல போனா தீபாவளிக்கு எல்லாரும் உளி எடுத்துப் பால் வெட்டப் போயிடுவாங்க” என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

தண்ணீர் கலக்கிறவர்கள்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் வெட்டுகிறவர்கள் எப்போதாவது வாளியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பது உண்டு. எடை ஏறும். இது ஊரறிந்த ரகசியம். கிராணி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் ஏச்சு, மறுநாள் மறுபடியும் தண்ணீர். இருவருக்கும் அது ஒரு விளையாட்டுப்போல நடந்துகொண்டிருந்தது.

இந்த மக்களிடம் போய், எடைக்குப் பரிசு, எடை குறைந்தால் தண்டனை என்று ஒருத்தி சொன்னால் என்ன நடக்கும்? ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஏழாம் வகுப்பு படித்தவளுக்குத் தெரியவில்லை.

இரும்பு வைப்பதில் ஒரு வசதியும் இருந்தது. பச்சைப் பிள்ளை பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது வழக்கம். அதனால் பாக்குவெட்டியை வைத்தவளுக்குப் பொய் சொல்கிற உறுத்தலும் கிடையாது. பிள்ளைக்குக் காவல், தாளில் ஒரு ராத்தல்.

இப்போது கிளேபாங்கில் என் பக்கத்து வீட்டுப் பெண் போனிலேயே பிள்ளை வளர்க்கிறாள். எத்தனை முறை பால், எத்தனை மணி நேரம் தூக்கம், எல்லாம் அதில் கோடு கோடாக ஏறுகிறது. ஒருநாள் பிள்ளை தொட்டிலில் கத்துகிறது, இவள் போனைப் பார்த்துக்கொண்டு, “இல்லலா பாட்டி, இப்ப அவனுக்குப் பசிக்காது” என்கிறாள். என் சுவரில் ஒட்டியிருந்த தாள் ஞாபகத்துக்கு வந்தது.

வெறும் தண்ணீர்

சரி, கேட்டுக்கு வருவோம். அதுவரை பிள்ளைகளின் துணியை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புது உத்தரவு வந்திருந்தது. பிள்ளைத் துணியையும் உதற வேண்டும்.

கண்ணம்மாவுக்கு ஒருவழியாகப் பேச்சு வந்தது. “எங்கள மொறைக்கிறீங்களே, பரிசு குடுக்கிறேன்னு சொன்னது யாரு?” என்று என்னிடமே திரும்பினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. கல்லுக்குக் காத்துக் கருப்புச் சாக்கும் சொல்ல முடியாது.

அவள் கையில் ஒரு பால் போத்தல் இருந்தது. சோதனைக்கார அம்மா அதை வாங்கினார். பால் வெளியே போகக் கூடாதே. தன் உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்தார். விரலால் தடவினார், நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மாத்தா-மாத்தாவிடம் சொன்னார். “ஆயெர்.”

தண்ணீர் என்கிறார். தண்ணீர் கேட்டைத் தாண்டலாம். போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது.

நான் போத்தலை வாங்கிப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் அதைவிட வெள்ளையாக இருக்கும்.

“இதையா பிள்ளைக்குக் குடுக்கிற?”

“வேற என்னத்தக் குடுக்க டிரசரம்மா?” என்றாள் செங்கமலம்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் பால் பிள்ளைக்கு ஆகாது என்று பக்கத்தில் சொன்னார்கள். தாய்ப்பாலை நிறுத்தினாள், அது வற்றிப்போனது. பிறகு டின் பால். வீட்டுக்கு வாரம் ஒரு டின்தான். அதையும் கடைக்காரர் விற்கும்போதே மூடியில் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், யாரும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்காக. ஓட்டை போட்ட டின்னில் ஈயும் எறும்பும் நம்மைக் கேட்டா இறங்கும்? மூன்று வயது மூத்த பையனுக்கும் அதே டின். வாரக் கடைசிவரை வர வேண்டுமே என்று தண்ணீர் சேர்த்திருக்கிறாள். வாரம் போகப் போகத் தண்ணீர் கூடியது. அதற்கேற்றபடி கல்லும் கூடியது. முதலில் தேய்ந்த கல், பிறகு புருஷனின் புதுக் கல்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா சத்தமா வாசிப்பீங்க” என்றாள்.

வள்ளியின் துணியைப் பிரித்து, இடுப்புக் கயிற்றோடு மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். தாளில் பதினொன்று. தராசில் எட்டரை. அந்த எட்டரையை என்னால் முணுமுணுக்கக்கூட முடியவில்லை.

பிறகுதான் பிள்ளையைப் பார்த்தேன். முதல்முறையாகப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வாய் உலர்ந்து கிடந்தது. அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. மூன்று நாளாக வயிற்றோட்டம் என்று செங்கமலம் சொன்னாள். ஆறு வாரமாக நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் முகத்தை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் வந்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது. சிவப்புத் தண்ணீரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“லாரி எடுக்கச் சொல்றேன். பட்டணத்துக்குப் போயிடுங்க, இப்பவே.”

செங்கமலம் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். “வேணாங்க ஐயா. ஆசுபத்திரிக்கு அனுப்புறதுதானே தண்டனைன்னு அம்மா சொன்னாங்க. நான் இனிமே கல்லு வைக்க மாட்டேன்.”

நான் வாயால் செய்த காரியம் அப்படி வந்து என் முன்னால் நின்றது. நானும் வருகிறேன், கூடவே இருக்கிறேன் என்று கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத எனக்கு அது நன்றாகவும் வரவில்லை. கண்ணம்மாதான் அவள் தோளைப் பிடித்து லாரியில் ஏற்றினாள். “மூத்தவன நான் பார்த்துக்கிறேன், போடி” என்றாள். இரண்டு வருஷமாக என்னோடு மல்லுக்கட்டியவள் அன்றைக்கு எனக்குச் சாமியாகத் தெரிந்தாள்.

டாக்டரின் கேள்வி

பட்டணத்தில் எங்களைப் பார்த்தவர் வயதான சீன டாக்டர். புறப்படும் அவசரத்தில் வீட்டுக்காரர் சுவரிலிருந்த தாளைக் கிழித்து என் கையில் கொடுத்திருந்தார். டாக்டர் கேட்டு வாங்கினார்.

தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“போன வாரம்வரை எடை ஏறியிருக்கிறது. அப்படியானால் இது மூன்று நாளில் வந்த நோய்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “ஆனால் இந்தப் பிள்ளையைப் பார்த்தால் பல வாரமாகப் பட்டினி கிடந்ததுபோல் இருக்கிறது. அது ஒரு வைத்தியம், இது வேறு வைத்தியம். மாற்றிச் செய்தால் ஆபத்து. எது உண்மை?”

தாளின் அடியில் என் பெயரை நான் அழகாக எழுதியிருந்தேன். செங்கமலம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தாய் ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு வரி சொன்னால் போதும், என் பெயர் தப்பிவிடும். அந்த வரி என் நாக்குவரை வந்தது என்பதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“தாள் பொய், டாக்டர்” என்றேன். “பிள்ளை பல வாரமாகப் பட்டினி. துணிக்குள் கல் இருந்தது. வைத்தது தாய். அவளை வைக்க வைத்தது நான்.”

டாக்டர் தாளை மடித்துக் கீழே போட்டார். பிறகு ஐந்து நிமிடம் பேசினார். என் பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் சேர்ந்து ஏழு வருஷத்தில் கொடுக்காத ஏச்சு. பேசிக்கொண்டே பிள்ளையின் காலில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்ற ஏற்பாடும் செய்துவிட்டார், அதுதான் பெரிய மனிதர் குணம்.

“டாக்டரு என்ன சொல்றாரு?” என்று கேட்டாள் செங்கமலம்.

“என்னைத் திட்டுறாரு.”

“உங்களையா? எதுக்கு?”

“உன்னை அழவச்சதுக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.

டாக்டர் போகும்போது ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? நேற்று மத்தியானம் என்றாள் செங்கமலம். அவர் முகம் மாறிவிட்டது. “இனி கழித்தால் பிழைக்கும். துணியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். தாதி சொன்னபடி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும். ஒரு கரண்டி அவள், ஒரு கரண்டி நான். ஒவ்வொரு தடவையும் துணியைத் தொட்டுப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது. மூன்று மணி அடித்தது. நான்கு அடித்தது. துணி அப்படியே இருந்தது. செங்கமலம் அழுவதை நிறுத்திவிட்டாள், எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் அதுவரை கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். பெயர் தெரியாதவற்றை ‘நீயும்தான்’ என்று சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து மணி தாண்டியதும் அவளுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை.

“அம்மா, கொஞ்ச நேரம் புடிங்க” என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். கொக்கியில் மாட்ட எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். ஒரு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தது அன்றுதான்.

எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. மடியில் வெதுவெதுப்பாக ஏதோ படர்ந்தது. கரண்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன். கரண்டி மேசைமேல் இருந்தது.

“செங்கமலம்” என்றேன். மடியைக் காட்டினேன்.

அவள் கையை நீட்டித் துணியைத் தொட்டாள். என் சேலையைத் தொட்டாள். தொட்ட கையை முகர்ந்தும் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். தாதி ஓடி வந்து, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, எங்கள் இருவரையும் விலக்கிப் பார்த்தாள்.

“ஒன்னுக்குப் போயிட்டா” என்று அந்தச் சீனத் தாதியிடம் தமிழிலேயே சொன்னேன்.

வள்ளி முகத்தைச் சுளித்தாள், கையைக் காலை உதறினாள், வீறிட்டு அழுதாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.